கடைசியாக இலை மூடுகிறவள்

ஜூன் 19, வியாழன்

டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். குழந்தை பிறக்கிறவரை நடமாட்டம் கூடாது, வேலை கூடாது, உட்கார்ந்தோ படுத்தோ கிடக்க வேண்டும். இதைக் கேட்டால் பெண்கள் அழுவார்களாம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் அத்தான் காதருகே குனிந்து, "ஏட்டி, உள்ளுக்குள்ள சந்தோசந்தானே?" என்றார்.

கொஞ்சம் சந்தோசந்தான். இத்தனை வயது வரை எதற்காகத் திட்டு வாங்கினேனோ அதையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பொழுது போக வேண்டுமே என்று இதை எழுதுகிறேன். என் பெயர் உலகாம்பிகை, தென்காசிக்காரி. எல்லாருக்கும் உலகு. என்னிடம் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது நான் செய்கிற எல்லாவற்றிலும் இருக்கும். நான் மெத்தனம். குளிக்கப் போனால் வீடு மறந்துவிடும். ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பேன். வேலை சுத்தம் என்பார்கள், ஆனால் பாதிப் பெண்கள் வேறு ரவிக்கையோடு தாலி கட்டிக்கொண்ட பிறகுதான் என் ரவிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். "இவ பாலைக்கூட மென்னுதான் குடிப்பா" என்று அம்மா சொல்வாள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டதோ கல்யாணச் சமையல்காரர் வீட்டில். கடவுளுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்திருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

கூடத்தில் கட்டில் போட்டுவிட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் அடுப்படி முழுக்கத் தெரியும். அத்தை ஆவுடையம்மாள் தேங்காய் உடைக்கிற ஆளையும் வாழைக்காய் சீவுகிற ஆளையும் லாரிக்காரனையும் ஒரே நேரத்தில் விரட்டுகிறாள். மாமா போன பிறகு திருநெல்வேலி டவுனில் இந்தக் காண்டிராக்ட்டை இவள்தான் நடத்துகிறாள். மண்டப வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், இந்தப் பந்தி எப்போது எழும் என்று சொல்லிவிடுவாள், அப்போதே எழும். பந்தியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடைசியில் அடுப்படியில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

அவள் ஆட்களுக்கு ஒரே சட்டம்தான். இலையில் பச்சை தெரியக் கூடாது. சாப்பிடுகிறவன் இலையில் இடம் காலியானால், அவன் கேட்பதற்கு முன்னால் அங்கே ஒன்று விழ வேண்டும். "பச்சை தெரியுதுடே" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வாளி ஓடும்.

இந்த வீட்டு வழக்கம் இன்னொன்று உண்டு. பந்தியில் யாரும் தனியாக எழ மாட்டார்கள். கடைசி ஆள் இலையை மூடிய பிறகுதான் எல்லாரும் எழ வேண்டும். கடைசி ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் நான் சொதிச் சோற்றில் இருந்தபோது மொத்தப் பந்தியும் கையைக் காயவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெரியவர் மூன்று தரம் இருமினார். அத்தை வந்து காதில் சொன்னாள்: "ஏளா உலகு, பின்னால ஆள் நிக்கி. கொஞ்சம் வெரசா தின்னேன். எனக்குப் பேரு கெடுது."

அத்தான் மட்டும் எப்போதும் ஒரு துண்டு அப்பளத்தைத் தன் இலையில் மிச்சம் வைத்திருப்பார், நான் தனியாகச் சாப்பிடுகிற மாதிரி தெரியக் கூடாது என்று. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனி முகூர்த்தம் முடிகிறவரை அத்தைக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாதே, அந்த மாதம் முழுக்கப் பேரனுக்குத்தானாம். ஆனால் குழந்தை பிறக்க ஆவணி ஆகிவிடும் என்று கணக்கு. "அதுவும் உன்னை மாதிரி நிதானமா ஆவணி கடேசியில வரும் பாரு" என்று சிரித்தாள்.

ஜூலை 5, சனி

பிறந்துவிட்டான், ஏழு வாரம் முன்னதாக. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சீக்கிரம் முடித்திருக்கிறேன், அதுவும் தப்பாகப் போய்விட்டது.

ஜூலை 7, திங்கள்

இன்றுதான் காட்டினார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியருகே விட்டார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் உள்ளங்கையில் தொடங்கி முழங்கையில் முடிந்துவிடுவான், அவ்வளவுதான். தோல் வழியாக ரத்தம் ஓடுவது தெரிகிறது. மூக்கில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் பால். ஆனால் நகம் இருக்கிறது. சுண்டுவிரலில்கூட முழுசாக ஒரு நகம், அதில் வெள்ளைப் பிறைகூட உண்டு. யார் உட்கார்ந்து இதைச் செய்தார்கள்? என் வயிற்றுக்குள்தான் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே. நான் ஒரு ரவிக்கைக் கைக்குப் பூ வைக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்ட அதே நாட்களில்.

சிஸ்டர் ஜெபராணி தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அங்கே ஏசி அதிகம், கை சில்லிட்டிருந்தது.

பெயர் என்ன என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று சொன்னேன். பெயர் தயாராகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், என்ன அவசரம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சங்கில் பால் கொடுக்கப் பழக்கினார்கள். நம் வீடுகளில் இருக்கும் அதே சங்குதான், மூக்கு நீண்ட எவர்சில்வர் சங்கு. தாய்ப்பாலைக் கறந்து, அதில் ஊற்றி, கீழ் உதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் அவன் இன்னும் ஒன்றாகப் பழகவில்லையாம். ஒன்றை முடித்துத்தான் அடுத்ததற்குப் போவான். பெட்டியைவிட்டு அவன் வெளியே வர வேண்டுமானால் இதைப் பழக வேண்டும், எடை ஏற வேண்டும், வேறு வழியில்லை.

முதல் தடவை பாதியிலேயே தூங்கிவிட்டான். நான் சங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விழித்தான், இன்னும் இரண்டு சொட்டு குடித்தான், மறுபடியும் தூங்கினான். மற்றப் பெண்கள் கொடுத்து முடித்துக் கழுவிவைத்துவிட்டுப் போயும்விட்டார்கள். "கஷ்டமா இருக்காம்மா?" என்றார் சிஸ்டர். இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

என் அம்மாவால் வர முடியாது, அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். அதனால் எனக்கு முடியாத வேளைக்கு அத்தையும் சங்கு பிடிக்கப் பழகிக்கொள்கிறாள். கழுவிக் கழுவி அவள் கை சிவந்துவிட்டது. அவனைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஆயிரம் பேருக்குப் போட்டுட்டேன். இவனுக்குப் போட பயமா இருக்கு."

ஜூலை 18, வெள்ளி

காலையில் எனக்குத் தலைவலி. அழுத்தம் பார்த்துவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். அத்தை பால் கொடுத்தாள்.

பக்கத்துத் தொட்டிலருகே நின்ற சிஸ்டர், "மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்வது கேட்டது. பிறகு நாற்காலி தள்ளப்படும் சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் பிள்ளையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. சிஸ்டர் அவனைக் கவிழ்த்து முதுகில் தட்டினார், குழாய் வைத்து உறிஞ்சினார். யாரும் கத்தவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வந்தது.

நுரையீரலுக்குள் கொஞ்சம் பால் போய்விட்டதாம். மறுபடியும் பெட்டி, ஆக்சிஜன், ஊசிமருந்து. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டான் என்றார் டாக்டர்.

அத்தை சுவரோடு சுவராக நின்றாள். "வாயில பால் இல்ல... பச்சை தெரிஞ்சுதுளா. அதான் ஊத்திட்டேன்" என்றாள்.

அவன் வாயில் இல்லைதான், இன்னும் தொண்டையில் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அத்தை வரவில்லை. "அம்மாவுக்கு வேலை" என்று அத்தான் மட்டும் கேரியரோடு வந்தார். பருப்புத் துவையல், மிளகு ரசம், பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பு. பசியில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அத்தை மேல் கோபமில்லை.

ஜூலை 21, திங்கள்

அத்தை இன்றும் வரவில்லை. இன்றும் பசியில்லை. கோபம் என்றால் பசி அடங்கிவிடுமா என்று சிஸ்டரிடம் கேட்கலாமென்று இருந்தேன், கேட்கவில்லை.

சரி, கோபந்தான். வேண்டிய மட்டும் இருக்கிறது. எனக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும், வந்தால் மெதுவாகத்தான் போகும்.

ஜூலை 25, வெள்ளி

சளி குறைந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். ஆனால் சங்கை உதட்டில் வைத்தாலே வாயை இறுக்கிக்கொள்கிறான். சிஸ்டர் கொடுத்தாலும் அப்படித்தான், டாக்டரே கொடுத்தாலும் அப்படித்தான். முகத்தைத் திருப்புகிறான், குமட்டுகிறான். பயந்துவிட்டான் என்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்குள் பயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ.

"இப்படியே போனால் மூக்குக் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதுவும் எடை ஏறினால்" என்றார் டாக்டர். எடை ஏறவில்லை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மதியம் சிஸ்டர் அவனை என் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார். தோலோடு தோல், நடுவில் எதுவும் கிடையாது. "அசையாம உக்காருங்க. முடிஞ்ச மட்டும்." களக்காட்டுப் பெண் ஒருத்தி, நல்ல துறுதுறுப்பானவள், சற்று நேரத்தில் முதுகு வலிக்கிறது என்று எழுந்துவிட்டாள். பிறகு போனை எடுத்தாள், பிறகு ஜன்னலுக்குப் போனாள். நான் மதியம் உட்கார்ந்தவள், விளக்கு போட வந்தபோதும் அப்படியே இருந்தேன். "எப்படிக்கா இப்படி ஒண்ணுமே செய்யாம இருக்கீங்க?" என்றாள் அவள். சிறு வயதிலிருந்தே பழக்கம் என்றேன். நாளையிலிருந்து புதிதாக வருகிற அம்மாக்களை என் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறாராம் சிஸ்டர், ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று பார்ப்பதற்கு. என் அம்மா கேட்டால் மயக்கம் போட்டுவிடுவாள்.

அவன் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது, ரொம்ப வேகமாக. சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. என் துடிப்பைக் கேட்டுக்கேட்டுத் தன்னைக் குறைத்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டி நிறுத்துமிடத்து வேப்பமரத்தடியில் அரக்குச் சேலையில் ஒரு அம்மாள் தினமும் உட்கார்ந்திருக்கிறாள். அத்தையின் சேலை மாதிரியே இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேரிடம் அந்தச் சேலைதான்.

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சங்கை உதட்டில் வைக்கவில்லை. அவனைக் கட்டியபடியே உட்கார்ந்து, சுண்டுவிரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அவன் உதட்டில் தொட்டுவைத்தேன். பிறகு சும்மா இருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. சொட்டு அப்படியே இருந்தது. களக்காட்டுப் பெண், "துடைச்சுட்டு வேற வைங்கக்கா" என்றாள். எனக்கு எதற்கென்று தெரியவில்லை. அவன் யோசிக்கிறான், யோசிக்கட்டும்.

வெகுநேரம் கழித்து நாக்கின் நுனி வெளியே வந்தது. ஒரு மல்லிகை மொக்கு அளவு. சொட்டைத் தொட்டது, உள்ளே போய்விட்டது. உடனே விழுங்கவில்லை. வாய்க்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினான், தாடை லேசாக அசைந்தது. புருவம் மேலே ஏறியது, நின்றது, பிறகு விழுங்கினான். ஒரு மூச்சு விட்டான். அதற்கப்புறம்தான் புருவம் கீழே இறங்கியது.

இன்னொரு சொட்டு வைத்தேன். அதே வரிசை. உருட்டுதல், தாடை, புருவம் ஏறுதல், விழுங்குதல், மூச்சு, புருவம் இறங்குதல்.

என் பிள்ளை பாலை மெல்லுகிறான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் பந்தியைப் பார்த்ததில்லை, நான் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை, உலகத்தில் எதையுமே பார்த்ததில்லை. எங்கிருந்து எடுத்து வந்தான்? எதற்காக நான் எல்லார் முன்னாலும் கூனிக் குறுகினேனோ, அது எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து கிளம்பி, அந்த நகத்தோடும் பிறையோடும் சேர்ந்து அவனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அழுதேன். அவன் மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

பாதி சங்கில், மீதி குழாயில். அவனுக்கு அவசரமில்லை, எனக்கும் இல்லை. களக்காட்டுப் பெண்ணுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். முழுவதையும் சங்கில் குடிக்கிறான். ஒரு வேளை முடிந்து ஏப்பம் விடுவித்துப் படுக்கவைத்தால், அடுத்த வேளைக்குக் கறக்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. எடை ஏறத் தொடங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கிறேன், மூக்குக்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு மச்சம் இருந்திருக்கிறது.

இன்று கேரியரில் புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு. என்ன விசேஷம் என்றேன். "ஏட்டி, இன்னைக்கு ஆடிப் பதினெட்டு" என்றார் அத்தான்.

நான் எலுமிச்சைச் சோற்றை மென்றுகொண்டிருந்தேன். முழுவதும் மென்று விழுங்கிய பிறகுதான் உறைத்தது.

"ஆடியா?"

"ஆமா."

"ஆடியில ஏது கல்யாணம்? அத்தைக்கு என்ன வேலை?"

அத்தான் கேரியர் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அத்தை, புரையேறிய அன்றிலிருந்து தினமும் அவரோடு வண்டியில் வருகிறாள். மேலே வர மாட்டேன் என்று கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். அவர் இறங்கிப் போனதும், "எவ்வளவு குடிச்சான்?" என்று மட்டும் கேட்பாளாம். ஆவணிக்கு வந்த ஆர்டர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கை அவசரக் கைடே. அதை வச்சு எம்பேரனைக் கொல்லப் பாத்துட்டேன்" என்றாளாம். அதன்பிறகு கரண்டியைத் தொடவில்லை. என் கேரியருக்கு மட்டும்தான் சமைக்கிறாள்.

அந்தக் கேரியரை எத்தனை நாள் நான் வேறொருத்தியிடம் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அத்தானிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அத்தையை மேலே வரச் சொன்னேன். மாட்டாளாம். திரும்பவும் சொல்லி அனுப்பினேன். மாட்டாளாம். அவள் வராமல் அவனுக்குப் பால் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய், அப்போது அவன் குடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் அடுத்த நிமிடம் மாடிப்படியில் இரைத்துக்கொண்டு வந்தாள், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு.

இளைத்திருந்தாள். கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே நின்றாள். ஸ்டூலில் உட்காரவைத்தேன். சங்கை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்ளா."

"பிடிக்க வேண்டாம் அத்தை. பாத்துட்டு இருங்க, போதும்."

நான் மிச்சத்தைக் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு சொட்டு. அவன் உருட்டினான். அத்தையின் கால் ஆடியது. சேலைத் தலைப்பை முறுக்கினாள். அவன் வாய் லேசாகத் திறந்து, உள்ளே வெறுமையாகத் தெரிந்தது. "உலகு..." என்றாள், அவளை அறியாமல். "பச்சை தெரியுதே."

"தெரியட்டும் அத்தை. அவன் இன்னும் முடிக்கல."

"உனக்கு எப்படித் தெரியுது?"

"அவன் சொல்லுதான்."

"எங்க சொல்லுதான்?"

புருவத்தைப் பாருங்கள் என்றேன். அத்தை குனிந்தாள். அவள் எவ்வளவு பெரிய மண்டபத்தையும் வாசலில் நின்றே அளந்துவிடுகிறவள். அந்தக் கண்ணை முழுவதும் அந்த இரண்டு கோடுகளின் மேல் வைத்தாள். ஒரு சொட்டு போயிற்று, அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் போயிற்று. அவள் கால் ஆடுவது நின்றது, மூச்சையும் அடக்கிக்கொண்டாள். அடுத்த சொட்டுக்குப் புருவம் ஏறியது, நின்றது, இறங்கியது. நான் சங்கைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே அத்தை, "இப்ப" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். இப்ப. இப்ப. ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதியில் அவள் குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் அவன் தலையைத் தொடாமல் அதன் மேல் காற்றில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருசமா எவன் மூஞ்சியையும் நான் பாத்ததில்லளா. இலையத்தான் பாத்திருக்கேன்" என்றாள். எனக்கு அவள் மேலிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. வேப்பமரத்தடியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம்தான் நினைவுக்கு வந்தன.

நாளைக் காலை வேளைக்கு அவள்தான் சங்கு பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றே போகலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். டவுனுக்குள் வண்டி திரும்பியதும் அவன் கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தான், புருவத்தை உயர்த்தினான். ரத வீதி முழுவதையும் வாய்க்குள் உருட்டுகிற மாதிரி இருந்தது.

பெயர் சேந்தன். இன்று எழுதுகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். வீட்டு மாடியிலேயே பந்தல், சொந்தக்காரர்கள் மட்டும். அத்தை மறுபடியும் கரண்டியைத் தொட்ட முதல் விருந்து. அவியல் மணம் தெருமுனைவரை போயிற்று என்றார்கள்.

முதல் பந்தியில் என்னையும் உட்காரவைத்தார்கள். இலை போட்டு, பருப்பும் நெய்யும் விழுந்து, முதல் வாய் எடுக்கும்போது சேந்தன் விழித்துவிட்டான். இப்போது நேரடியாகவே குடிக்கிறான். ஆனால் வழக்கம் மாறவில்லை, உருட்டாமல் விழுங்க மாட்டான். இடது கையால் அவனை அணைத்து, சேலையால் மூடிக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டேன். இரண்டு பேரும் மெத்தனம் என்றால் எப்படியிருக்கும். மற்றவர்கள் பாயசம் தாண்டி மோருக்குப் போய்விட்டார்கள், நான் சாம்பாரில் இருந்தேன். பிறகு மோரும் முடிந்தது. எல்லாரும் கையைக் காயவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்து நின்றார்கள். அவனைத் தோளில் போட்டுவிட்டு இலையை மூடிவிடலாம் என்று குனிந்தேன்.

"எம்மா உலகு, பிள்ளைய யார்கிட்டயாவது குடுத்துட்டு வெரசா முடியேன்" என்றார் அத்தானின் பெரியப்பா. பாவம், அவருக்குச் சர்க்கரை, வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. எதிரில் ஒருவர் இலை நுனியைத் தூக்கினார்.

அத்தை வாளியோடு வந்தாள். காதில் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தாள். எனக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டேய், எனக்கு ஒரு இலை போடு."

ஆட்கள் அசையாமல் நின்றார்கள். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அத்தான்தான் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார், சோறு போட்டார். "பந்தி முடிஞ்சிரல அண்ணாச்சி. நான் இப்பந்தான் உக்காந்திருக்கேன்" என்றாள் அத்தை, பெரியப்பாவைப் பார்த்து. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இலை நுனியைத் தூக்கியவரும் அதை மெதுவாகக் கீழே விட்டார்.

அத்தைக்கு மெதுவாகச் சாப்பிடத் தெரியாது. எவ்வளவோ முயற்சி செய்தாள், முடியவில்லை. நான் ரசத்துக்கு வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஆட்களில் ஒருவன் பழக்க தோஷத்தில் கூட்டு வாளியோடு ஓடிவந்தான். அத்தை இலைக்கு மேல் கையை மறித்து அவனை நிறுத்தினாள்.

நான் சேலையை விலக்கிப் பார்த்தேன். சேந்தனின் புருவம் ஏறியிருந்தது, இன்னும் இறங்கவில்லை. நான் ரசத்தில் ஒரு வாய் எடுத்தேன். எதிரில் அத்தையின் இலையில் ஓரமாக ஒரு துண்டு அப்பளம் மட்டும் மிச்சமிருந்தது. மற்ற இடம் முழுவதும் பச்சை தெரிந்தது. அவள் அதை மூடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.